ஹ்யூ லாங்கும் 34 மாடியும்

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் தலைநகர் பேட்டன் ரூஜ். அங்கே மிசிசிப்பி ஆற்றுக்குப் பக்கத்தில் 450 அடி உயரத்தில், 34 மாடியோட ஓர் அரசுக் கட்டடம் நிற்கிறது. அந்த நாட்டு மாநிலச் சட்டமன்றக் கட்டடங்களிலேயே இதுதான் உயரம். இதைக் கட்ட வைத்தவர் ஹ்யூ லாங்.

1893-ல் வின்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஊர் ஊராகப் போய் சரக்கு விற்றார். அப்புறம் சட்டம் படித்து 1915-ல் வக்கீல் ஆனார். 1928-ல், 34 வயசில் கவர்னர்! அங்கே கவர்னர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி. மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர்.

வந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி வைத்தார். ஆயிரக்கணக்கான மைல் ரோடு, நூற்றுக்கும் மேலே பாலம் போட்டார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இலவசப் புத்தகத்தோட அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

1930 கடைசியில் ஆரம்பித்த கட்டட வேலை சுமார் 14 மாசத்தில் முடிந்தது. செலவு 50 லட்சம் டாலர். உள்ளே எஃகுச் சட்டம், வெளியே சுண்ணாம்புக்கல். 1932 மே மாதம் திறப்பு விழா. பார்க்கப் போகிறவர்கள் ஏறும் வாசற்படிகளில் அமெரிக்க மாநிலங்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 27-வது மாடியில் இருக்கிற பார்வைத் தளத்திலிருந்து ஆறும் ஊரும் தெரியும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா அதிகாரத்தையும் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அரசு ஊழியர் சம்பளத்தில் அரசியல் செலவுக்குப் பணம் பிடித்தார்கள். 1929-ல் அவரைப் பதவி நீக்கும் முயற்சி நடந்து, தப்பித்தார். 1932-ல் செனட்டராகி வாஷிங்டன் போன பிறகும் மாநிலத்தின் பிடியை விடவில்லை. 1935 செப்டம்பர் 8 இரவு, தான் கட்டிய அதே கட்டடத்தின் நடைவழியில் துப்பாக்கியால் சுடப்பட்டார். 2 நாளில் உயிர் போனது. வயசு 42. கட்டடத்துக்கு முன்னால் தோட்டத்திலேயே அவரைப் புதைத்தார்கள். சமாதி மேல் நிற்கும் சிலை அந்த 34 மாடியைப் பார்த்தபடி இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நாமும் கட்டடம் கட்டப் போகிறவர்கள். மொத்தப் பாரத்தையும் ஒரே தூணில் இறக்கக்கூடாது என்பது நமக்குப் பாடம். நல்லது செய்கிற அரசுக்கும் அதே கணக்குதான்!

– இரண்டாம் ஆண்டு, சிவில்