அவர்கள் எப்படி இறந்தார்கள்? சுரங்கத்துக்குள் இறங்கிக் கேட்ட ஜோன் ஸ்கொட் ஹோல்டேன்

1896ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்ரவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வெடித்த சுரங்கத்தில் இறந்தவர்களை வெடிப்பே கொன்றது என்றுதான் எவரும் நினைப்பர். ஒரு மருத்துவர் மட்டும் உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். 1860இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்து, மருத்துவம் கற்று, ஒக்ஸ்போர்டில் உடற்றொழிலியல் ஆய்வில் ஈடுபட்டவர். பிரித்தானிய அரசு அவரிடம் அறிக்கை கேட்டிருந்தது.

நிலக்கரிப் படுகையிலிருந்து மெதேன் வாயு கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். அதனால்தான் ஒரு வாயிலால் நல்ல காற்றை உள்ளே செலுத்தி, மறு வாயிலால் கெட்ட காற்றை வெளியேற்றுகிறார்கள். வெடிப்பில் காற்றை வழிநடத்தும் கதவுகளும் தடுப்புகளும் உடைந்துவிட்டால், காபனோரொட்சைட்டு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

டைலர்ஸ்ரவுனில் பெரும்பாலானோரைக் கொன்றது இந்த வாயுதான் என்று ஹோல்டேன் கண்டார். நஞ்சேறிய இரத்தத்தின் இளஞ்சிவப்பு உடல்களில் தெரிந்தது. வெடிப்புக்குத் தப்பியவர்கள் அதன் பின் வந்த காற்றுக்குத் தப்பவில்லை. அப்படியானால் அவர்களுள் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த அறிக்கையின் கனம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முன்பே அவர் அதே வாயுவைத் தானே சுவாசித்து, தன் இரத்தத்தைச் சோதித்திருந்தார். சிறு உயிர்கள் மனிதனுக்கு முன்பே மயங்குவதையும் கண்டார். கனேரிக் குருவிகள் கூடுகளோடு சுரங்கத்துக்குள் போனது அவருடைய யோசனையால்தான். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை அவை இருந்தன. பின்னர் மின்னணுக் கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

தன் சிறு மகனையும் அவர் சுரங்கத்துக்குக் கூட்டிச்சென்றார். மெதேன் நிறைந்த ஓரிடத்தில் நின்று ஷேக்ஸ்பியரின் நாடக வசனத்தை ஒப்புவிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் பையனின் கால்கள் தளர்ந்தன. கீழே விழுந்ததும் மூச்சு வந்தது. மெதேன் காற்றிலும் இலேசானது, கூரையோடு தங்கும் என்பதை அவன் பிறகு மறக்கவேயில்லை. அந்த மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹோல்டேன்.

1915இல் போர்முனையில் ஜேர்மனியப் படை நச்சுவாயுவை ஏவியபோதும் ஹோல்டேன் அங்கு போனார். அது குளோரின் என்று உறுதிப்படுத்தினார். 1936இல் ஒக்ஸ்போர்டில் காலமானார்.

எப்படி இறந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ உண்டு. அதனால்தான் ஹோல்டேனின் வாழ்க்கை எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. 57 பேரை ஓர் எண்ணிக்கையாக முடித்துவிடாமல் அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பதில்தான் பின்னர் சுரங்கத்தில் இறங்கியவர்களைக் காத்தது.