ஸ்டான்லி மாத்யூஸ்

சர் ஸ்டான்லி மாத்யூஸ் (பெப்ரவரி 1, 1915 - பெப்ரவரி 23, 2000) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற கால்பந்தாட்ட வீரர் ஆவார். களத்தின் வலது ஓரத்தில் ஆடிய முன்வரிசை வீரரான இவர், 1932 முதல் 1965 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது 1956 இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் இவரே. அப்போது இவருக்கு வயது 41. தாம் ஆட்டத்தைத் தொடங்கிய ஸ்டோக் சிட்டி கழகத்தை 1947 இல் மனத்தாங்கலுடன் பிரிந்த மாத்யூஸ், பதினான்கு ஆண்டுகள் கழித்து 46 ஆம் வயதில் அதே கழகத்திற்குத் திரும்பி, அதை மீண்டும் முதற்பிரிவுக்கு உயர்த்த உதவினார். கால்பந்து வரலாற்றில் மூத்த வீரர் ஒருவர் தாய்க்கழகத்திற்குத் திரும்பியதற்கு இதுவே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இளமைக் காலம்

மாத்யூஸ் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தின் ஒரு பகுதியான ஹான்லியில் பிறந்தார். நான்கு ஆண் மக்களில் இவர் மூன்றாமவர். தந்தை ஜாக் மாத்யூஸ் முடிதிருத்துநர். அத்துடன் அப்பகுதியில் பெயர் பெற்ற குத்துச்சண்டை வீரரும் ஆவார். மகனும் குத்துச்சண்டை வீரராக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். எனினும் சிறுவர்களுக்கான இங்கிலாந்து அணியில் மாத்யூஸ் இடம்பெற்ற பின் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்வதும், மூச்சுப் பயிற்சியும், உணவுக் கட்டுப்பாடும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த பழக்கங்கள். பிற்காலத்தில் இவர் அவ்வளவு நீண்ட காலம் ஆட முடிந்ததற்கு அடித்தளம் இந்தப் பழக்கங்களே எனலாம்.

ஸ்டோக் நகரம் மண்பாண்டத் தொழிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் உலகப் புகழ் பெற்றது. புதுச்சேரியில் வில்லியனூர் என்றதும் சுடுமண் கலைப்பொருட்கள் நினைவுக்கு வருவதுபோல, இங்கிலாந்தில் ஸ்டோக் என்றால் பீங்கான் பாண்டங்கள் நினைவுக்கு வரும். ஸ்டோக் சிட்டி அணியைக் குயவர்கள் என்ற பட்டப்பெயரால் அழைப்பதும் இதனால்தான். மாத்யூஸ் தமது 15 ஆம் வயதில் அக்கழகத்தின் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 17 ஆம் பிறந்தநாளன்று வாரம் 5 பவுண்டு ஊதியத்தில் தொழில்முறை வீரராக ஒப்பந்தமானார். மார்ச் 1932 இல் பரி அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தை ஆடினார். 1933 இல் ஸ்டோக் சிட்டி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1934 இல் வேல்சுக்கு எதிராக இங்கிலாந்து தேசிய அணியில் அறிமுகமாகி, அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்தார்.

ஸ்டோக்கை விட்டு நீங்குதல்

1938 ஆம் ஆண்டிலேயே மாத்யூஸ் வேறு கழகத்திற்குச் செல்ல அனுமதி கேட்டிருந்தார். செய்தி பரவியதும் நகர மக்கள் கண்டனக் கூட்டம் நடத்தினர். சுமார் 3,000 பேர் கூடிய அந்த அரங்கினுள் இடமின்றிப் பலர் வெளியே நின்றனர். தொழிலாளர்களின் மன வருத்தம் பாண்ட ஆலைகளின் வேலையையே பாதிக்கும் என்று ஆலை உரிமையாளர்கள் கவலைப்பட்டனர் என்றும் சொல்லப்படுவதுண்டு. மாத்யூஸ் தம் முடிவைக் கைவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் இவரது ஆட்ட வாழ்வின் ஆறு சிறந்த ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. போர்க்காலத்தில் வான்படையில் பணியாற்றிய இவர் பிளாக்பூல் நகருக்கு அருகில் தங்கியிருந்ததால், பிளாக்பூல் கழகத்திற்கு விருந்தினர் வீரராக ஆடினார். போர் முடிந்தபின் ஸ்டோக் மேலாளர் பாப் மெக்ரோரியுடன் இவருக்கு உறவு கசந்தது. காயத்திலிருந்து மீண்ட மாத்யூஸ் முதலில் மாற்று அணியில் ஆடித் தம் உடல்தகுதியைக் காட்ட வேண்டும் என மேலாளர் கூறியதும், மாத்யூஸ் அதை மறுத்ததும் பூசலாக வெடித்தன. மே 1947 இல் 11,500 பவுண்டுக்கு இவர் பிளாக்பூலுக்கு விற்கப்பட்டார்.

அப்போது ஸ்டோக் சிட்டி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக முதற்பிரிவுப் பட்டத்தை எட்டும் நிலையில் இருந்தது. கடுங்குளிரால் அப்பருவம் சூன் வரை நீண்டது. கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைட்டெட் அணியை வென்றால் பட்டம் உறுதி. ஆனால் ஸ்டோக் 1-2 எனத் தோற்று நான்காம் இடத்திற்குச் சென்றது. பட்டம் லிவர்பூலுக்குப் போனது. தன் தலைசிறந்த வீரரைப் பருவம் முடியுமுன்பே விற்றது அக்கழகத்தின் பெரும்பிழை என்றே கூற வேண்டும். அதன்பின் இன்றுவரை ஸ்டோக் சிட்டி ஒருமுறையும் அப்பட்டத்தை வென்றதில்லை.

பிளாக்பூல் ஆண்டுகள்

பிளாக்பூலுக்குச் சென்றபோது மாத்யூசுக்கு வயது 32. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடுவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அவரோ பதினான்கு ஆண்டுகள் அங்கு ஆடினார். 1948 இல் கால்பந்து எழுத்தாளர் சங்கம் ஆண்டின் சிறந்த வீரர் விருதை முதன்முதலில் ஏற்படுத்தியபோது அதைப் பெற்றார். எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 1948, 1951 ஆகிய ஆண்டுகளில் தோல்வியே கிட்டியது. மே 2, 1953 அன்று மூன்றாம் வாய்ப்பு வந்தது. போல்ட்டன் அணியிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்த பிளாக்பூல், 38 வயது மாத்யூஸ் வலது ஓரத்தில் நிகழ்த்திய தாக்குதல்களால் 4-3 என வென்றது. மூன்று கோல்களை அடித்தவர் ஸ்டான் மார்ட்டென்சன். வெற்றி கோலை அடித்தவர் பில் பெர்ரி. ஆயினும் அந்த ஆட்டம் மாத்யூஸ் இறுதியாட்டம் என்றே இன்றளவும் அழைக்கப்படுகிறது. இது மார்ட்டென்சனுக்கு ஓரளவு அநீதியே.

இங்கிலாந்துக்காக 54 ஆட்டங்களில் ஆடி 11 கோல்கள் அடித்தார். மே 1957 இல் டென்மார்க்குக்கு எதிராகத் தம் கடைசிப் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியபோது இவருக்கு வயது 42.

மீண்டும் ஸ்டோக்

1961 இல் ஸ்டோக் சிட்டி இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. முதற்பிரிவிலிருந்து 1953 இல் இறங்கிய கழகம் மேலே வர முடியவில்லை. ஆட்டத்தைக் காண வருவோர் குறைந்துகொண்டே போயினர். அக்டோபரில் நடந்த ஓர் உள்ளூர் ஆட்டத்திற்கு 8,409 பேர் மட்டுமே வந்தனர். இந்நிலையில் மேலாளர் டோனி வாடிங்டன் 46 வயதான மாத்யூசை அழைத்துவர முடிவு செய்தார். பிளாக்பூலில் அப்போது மாத்யூசுக்கு வாய்ப்புகள் அருகிவிட்டிருந்தன. இருப்பினும் அக்கழகம் அவரை இலவசமாக விடவில்லை. 3,500 பவுண்டு கேட்டுப் பெற்றது.

ஆங்கிலக் கால்பந்தில் வீரர்களின் ஊதியத்திற்கு இருந்த வாரம் 20 பவுண்டு என்ற உச்சவரம்பு 1961 சனவரியில்தான் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே பிளாக்பூலில் பெற்றதைப்போல் இருமடங்காக, வாரம் 50 பவுண்டு ஊதியம் மாத்யூசுக்குக் கிடைத்தது. தம் சிறந்த ஆண்டுகள் அனைத்தையும் அந்த உச்சவரம்பின் கீழேயே ஆடி முடித்த ஒருவருக்கு, ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகே இத்தகைய ஊதியம் வாய்த்தது குறிப்பிடத்தக்கது.

அக்டோபர் 28, 1961 அன்று விக்டோரியா மைதானத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் டவுன் அணிக்கு எதிராக மாத்யூஸ் மீண்டும் களமிறங்கினார். அன்று வந்த பார்வையாளர் எண்ணிக்கை 35,974. முந்தைய உள்ளூர் ஆட்டத்திற்கு வந்தவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஸ்டோக் 3-0 என வென்றது. இவருக்காகக் கொடுத்த தொகையைக் கழகம் அந்த ஒரே நாளின் நுழைவுக் கட்டணத்திலேயே ஈட்டிவிட்டது எனலாம்.

கூட்டத்தை வரவழைப்பதற்கான காட்சிப்பொருளாக மட்டுமே இவர் கொண்டுவரப்பட்டார் என்று கருதியவர்களும் இருந்தனர். அடுத்த பருவம் அக்கருத்தைப் பொய்யாக்கியது. வாடிங்டன், பிற கழகங்கள் கைவிடத் தயாராயிருந்த மூத்த வீரர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தார். பிளாக்பூலில் மாத்யூசுடன் ஆடிய ஜாக்கி மியூடி, மான்செஸ்டர் யுனைட்டெடின் டென்னிஸ் வயலட், பர்ன்லியின் ஜிம்மி மெக்கில்ராய் ஆகியோர் அவர்களுள் சிலர். கழகத்தின் நூற்றாண்டான 1963 இல் மாத்யூஸ் அந்தப் பருவத்தின் 31 லீக் ஆட்டங்களை ஆடியிருந்தார். மே 18 அன்று லூட்டன் டவுன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டோக் வென்று முதற்பிரிவுக்கு உயர்வது உறுதியானது. மியூடி தந்த பந்தைப் பெற்றுத் தனியே ஓடிச் சென்று, கோல்காப்பாளரைச் சுற்றிக் கடந்து இரண்டாம் கோலை அடித்தவர் மாத்யூஸ். அப்பருவத்தில் அவர் அடித்த ஒரே லீக் கோல் அது. 1933 இல் ஸ்டோக்குடன் பெற்ற அதே இரண்டாம் பிரிவுப் பதக்கத்தைச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் பெற்றார். ஆண்டின் சிறந்த வீரர் விருதும் 48 ஆம் வயதில் இரண்டாம் முறையாகக் கிட்டியது.

முதற்பிரிவில் ஸ்டோக் ஆடிய 1963-64 பருவத்தில் முழங்கால் காயத்தால் ஒன்பது லீக் ஆட்டங்களே ஆட முடிந்தது. 1965 புத்தாண்டில் இவருக்கு சர் பட்டம் அறிவிக்கப்பட்டது. ஆடிக்கொண்டிருக்கும்போதே இப்பட்டம் பெற்ற கால்பந்து வீரர் இவர் ஒருவரே. பெப்ரவரி 6, 1965 அன்று, 50 வயதும் ஐந்து நாட்களும் ஆன நிலையில், ஃபுல்ஹாம் அணிக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டத்தை ஆடினார். ஆங்கில முதற்பிரிவில் ஆடிய மிக மூத்த வீரர் இவரே. திரும்பி வந்தபின் ஸ்டோக்குக்காக ஆடிய லீக் ஆட்டங்கள் 59, கோல்கள் 3. எண்ணிக்கை சிறிதெனினும், இவர் திரும்பிய பின்னரே ஸ்டோக் முதற்பிரிவை மீண்டும் எட்டியது.

ஏப்ரல் 1965 இல் விக்டோரியா மைதானத்தில் நடைபெற்ற பிரியாவிடை ஆட்டத்தில் லெவ் யாஷின், ஃபெரெங்க் புஷ்காஷ், ஆல்பிரெடோ டி ஸ்டெஃபானோ உள்ளிட்ட உலக வீரர்கள் பங்கேற்றனர். முடிவில் யாஷினும் புஷ்காசும் இவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

பழக்கவழக்கங்கள்

மாத்யூஸ் மதுவும் புகையும் தொடாதவர். காய்கறி உணவையே பெரிதும் விரும்பினார். திங்கட்கிழமைகளில் உண்ணாநோன்பு இருப்பது வழக்கம். பிளாக்பூல் கடற்கரையில் விடியலில் ஓடிப் பயிற்சி செய்வார். முரட்டு ஆட்டத்திற்கு இலக்கானபோதும் எதிர்வினை காட்டியதில்லை. தம் நீண்ட ஆட்ட வாழ்வில் நடுவரிடம் ஒருமுறையேனும் எச்சரிக்கை பெற்றதில்லை.

பிற்காலம்

1965 முதல் 1968 வரை ஸ்டோக்கின் அண்டைக் கழகமான போர்ட் வேலில் மேலாளராக இருந்தார். அங்கு வெற்றி கிட்டவில்லை; விதிகளுக்குப் புறம்பாகப் பணம் வழங்கியதற்காக அக்கழகம் 1968 இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பின்னர் மால்ட்டாவில் சில காலம் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நிலவிய காலத்தில் சோவெட்டோவின் கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார். 1975 இல் அவர்களைக் கொண்ட அணியொன்றைப் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார்.

மாத்யூஸ் தம் 85 ஆம் வயதில் பெப்ரவரி 23, 2000 அன்று காலமானார். இறுதி ஊர்வலத்தின்போது ஸ்டோக் நகரத் தெருக்களின் இருபுறமும் பெருந்திரளான மக்கள் நின்றனர். விக்டோரியா மைதானத்தை விட்டு ஸ்டோக் சிட்டி 1997 இல் குடிபெயர்ந்த பிரிட்டானியா விளையாட்டரங்கின் நடுவட்டத்திற்குக் கீழே இவரது அஸ்தி புதைக்கப்பட்டது. அவ்வரங்கின் பெயர் 2016 இல் மாற்றப்பட்டது. அதன் வெளியே, இவரது ஆட்ட வாழ்வின் மூன்று காலங்களைக் காட்டும் மூன்று உருவங்கள் கொண்ட சிலை அமைந்துள்ளது.