ஷெல்லியின் காகிதக் கப்பல்கள்

காகிதத்தை மடித்துக் கப்பல் செய்து நீரில் விட்டு மகிழாத பிள்ளைகள் அரியர். வளர்ந்த பின்னும் அவ்விளையாட்டைக் கைவிடாதவர்கள் அவர்களினும் அரியர். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி அத்தகையவர். அவருடைய கவிதைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. இங்கே சொல்லப் புகுவது அவருடைய இந்த ஒரு பழக்கத்தையும், அதைக் கண்ட பிறர் அதை எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதையும் மட்டுமே.

பெர்சி பிஷ் ஷெல்லி 1792 ஆகஸ்டு 4ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்று 1810இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் ஜெபர்சன் ஹாக் என்னும் மாணவர் அவருக்கு உற்ற நண்பரானார். நாத்திகம் பற்றிய சிறு நூல் ஒன்றின் பொருட்டு 1811 மார்ச்சில் இருவரும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். பிற்காலத்தில் வழக்கறிஞரான ஹாக், நண்பர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1832இல், ஆக்ஸ்போர்டு நாட்களின் நினைவுகளை இதழொன்றில் தொடராக எழுதினார். காகிதக் கப்பல் பழக்கம் உலகுக்குத் தெரிய வந்தது முதன்மையாக அவர் வாயிலாகவே.

இருவரும் நாள்தோறும் நெடுந்தூரம் நடப்பார்கள். வழியில் குளமோ குட்டையோ கண்ணில் பட்டால் ஷெல்லியின் கால்கள் நின்றுவிடும். சட்டைப் பையிலுள்ள தாள் தீரும் வரை கப்பல் கட்டி விடுவார். வேண்டாத கடிதங்கள் முதலில் போகும். அருமையான நண்பர்களின் கடிதங்களைப் பலமுறை எடுத்துப் பார்த்து மீண்டும் பைக்குள் வைப்பார். கடைசியில் அவையும் நீரில் இறங்கிவிடும். உடன் எடுத்துச் சென்ற புத்தகங்களின் முன்னும் பின்னும் உள்ள வெற்றுத் தாள்களும் தப்புவதில்லை. ஆனால் அச்சிட்ட பக்கம் ஒன்றையும் அவர் கிழித்ததில்லை. கல்வி அவருக்கு அத்துணைப் புனிதமாக இருந்தது என்று ஹாக் நினைவுகூர்கிறார். கப்பல் பித்து முற்றிய வேளையிலும் அவ்வரம்பைக் கடவாத கை அது.

லண்டன் ஹைட் பூங்காவில் உள்ள செர்ப்பன்டைன் ஏரிக்கரையில் ஒருநாள் வேறு தாளே இல்லாமல், ஐம்பது பவுண்டு வங்கி உண்டியல் ஒன்றையே மடித்துக் கப்பலாக்கி விட்டார் என்றும், காற்றின் தயவால் அது மறுகரையில் பத்திரமாக வந்து சேர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு. இதைச் சுவைபடச் சொல்லும் ஹாக்கே, இது கட்டுக்கதை என்றும் ஒப்புக்கொள்கிறார். பின்வந்தவர்கள் பலர் கதையை எடுத்துக்கொண்டு ஒப்புதலை விட்டுவிட்டனர்.

ஹாக்கின் எழுத்தில் அன்பும் உண்டு, அலுப்பும் உண்டு. குளிரில் விறைத்தபடி கரையில் காத்து நின்றவர் அவர். அந்த விளையாட்டு அவருக்கு எவ்வகையிலும் விளங்காத ஒரு வெறியாகவே பட்டது. வளராத பிள்ளை என்று அவர் தீட்டிய ஷெல்லியின் படம் படிப்போர் மனத்தில் நின்றுவிட்டது. திறனாய்வாளர் மாத்யூ ஆர்னால்டு 1888இல் ஷெல்லியைப் பற்றி எழுதிய கட்டுரையில், அழகு உண்டு, பயன் இல்லை என்னும் பொருள்படத் தீர்ப்பு அளித்தார். அப்படி எண்ணுவோருக்குக் காகிதக் கப்பல் நல்ல சான்றாக உதவியது.

ஆயின் அக்காலத்து அரசு அவ்வாறு எண்ணவில்லை. 1812ஆம் ஆண்டுக் கோடையில் ஷெல்லி தம் இளம் மனைவி ஹாரியட்டுடன் டெவன் கடற்கரைச் சிற்றூரான லின்மவுத்தில் தங்கியிருந்தார். மனித உரிமைகளைப் பற்றித் தாம் அச்சிட்ட துண்டறிக்கைகளைப் புட்டிகளில் அடைத்துக் கடலில் விட்டார். பாய் கட்டிய சிறு பெட்டிகளில் வைத்தும் விட்டார். தீயால் எழும் காகிதப் பலூன்களில் கட்டி வானிலும் அனுப்பினார். குளத்து விளையாட்டு அங்கே கடல் விளையாட்டாகிவிட்டது. ஒற்றர்கள் கரையிலிருந்து பார்த்திருந்தனர். பார்ன்ஸ்டேபிள் நகர எழுத்தர் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அறிக்கைகளை ஊரில் பரப்பிய பணியாள் டேனியல் ஹீலி கைது செய்யப்பட்டு, 200 பவுண்டு அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை என்று தண்டிக்கப்பட்டார். அத்தொகையைக் கட்ட ஷெல்லியிடம் பணம் இல்லை. ஹீலி சிறை சென்றார். இருபது வயதுக் கவிஞரின் விளையாட்டுக்கு விலை கொடுத்தவர் ஓர் ஏழைப் பணியாளர் என்பதை நாம் மறக்கலாகாது.

அதே ஆண்டில் ஷெல்லிக்கு அறிமுகமானவர் நாவலாசிரியர் தாமஸ் லவ் பீக்காக். 1858இல் ஹாக் தம் நண்பரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது, பீக்காக்கும் தம் நினைவுகளை எழுதலானார். அவர் பார்வை வேறு. காகிதக் கப்பல் விடும் சுவை ஷெல்லியை அறியும் முன்பே தமக்கு இருந்தது என்றும், ஒருவேளை ஷெல்லி அதைத் தம்மிடமிருந்தே கற்றிருக்கலாம் என்றும் கூறுகிறார். அதற்காக ஹாக் தமக்கு நன்றி சொல்லமாட்டார் என்றும் நகைக்கிறார். குளிர்காலத்தில் மூவரும் பேக்ஷாட் வெளியில் நடக்கும்போது ஒரு குட்டை எதிர்ப்பட்டால் ஹாக்கின் முகம் சுளிக்கும். மற்றவர்க்கோ அது கொண்டாட்டம்.

விளையாட்டின் நுட்பத்தைச் சொன்னவரும் பீக்காக்கே. பிராக்னெலுக்கு மேலுள்ள வெளியில் தெளிந்த நீர்நிலை ஒன்று இருந்தது. பாசியும் கோரையும் இல்லாத கரைகள். காற்று புறப்படும் கரையில் கப்பலை விட்டு, அது போய்ச் சேரும் கரைக்கு ஓடி அதனை ஏற்றுக்கொள்ளலாம். ஷெல்லி கண்ட நீர்நிலைகளுள் அதுவே தலைசிறந்தது. பெரிய ஏரிகள் அவருக்கு உகந்தவையல்ல. கப்பல் சேருமிடத்துக்கு ஓடிச் சேர இயலாது. செர்ப்பன்டைன் ஏரியில் சிலபோது மிகுந்த கவனத்துடன் ஒரு கப்பல் செய்து, அரைப்பென்னிக் காசுகளை அதில் ஏற்றி, தெருப்பிள்ளைகள் பார்க்க விடுவாராம். பிள்ளைகள் சுற்றி ஓடுவார்கள். கப்பல் கரை சேர்ந்ததும் காசுக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். அவர்களோடு தாமும் கூவாமல் அடக்கிக்கொள்வது ஷெல்லிக்கு அரிதாக இருந்தது. அப்பிள்ளைகளுக்கு அவர் கவிஞரும் அல்லர், பித்தரும் அல்லர். காசுக் கப்பல் விடும் ஐயா, அவ்வளவே.

அந்த ஏரியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1814இல் ஷெல்லி ஹாரியட்டை விட்டு மேரி காட்வினுடன் சென்றுவிட்டார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஹாரியட்டின் உடல் 1816 டிசம்பர் 10ஆம் நாள் அதே செர்ப்பன்டைன் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டது. அவருக்கு வயது இருபத்தொன்று. கப்பல் விளையாட்டில் ஷெல்லிக்குத் தோழராக நின்ற பீக்காக், இச்செய்தியில் ஹாரியட்டின் பக்கம் நின்றார். அவர் பெயருக்கு மாசு கற்பித்தோரை மறுத்து எழுதினார். நண்பரின் குழந்தை உள்ளத்தை விரும்பியவர், அதைக் காட்டி அவர் குற்றத்தை மறைக்க முயலவில்லை.

1818இல் ஷெல்லி இத்தாலிக்குச் சென்றார். 1820ஆம் ஆண்டுக் கோடையில் லிவோர்னோவில், நீராவிக் கப்பல் கட்ட முனைந்திருந்த இளம் பொறியாளர் ஹென்றி ரெவ்லியின் பட்டறை அறையில் அமர்ந்து, அவர் தாயார் மரியா கிஸ்போர்னுக்குக் கவிதை வடிவில் ஒரு கடிதம் எழுதினார். சுற்றிலும் பற்சக்கரங்களும் கருவிகளும். நடுவே மரக்கிண்ணத்தில் பாதரசம். அதன்மேல் தாம் மிதக்கவிட்ட ஒரு காகிதப் படகு. ஆண்மைப் பருவம் வந்த பின்னும் தம்மிடம் பிள்ளைமை எஞ்சியிருப்பதை அக்கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஹாக் குறையாகக் கண்டதை அவர் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

நீரை இத்துணை நேசித்தவருக்கு நீந்தத் தெரியாது. 1822 ஜூலை 8ஆம் நாள், நண்பர் எட்வர்டு வில்லியம்சும் படகுச் சிறுவன் ஒருவனும் உடன்வர, லிவோர்னோவிலிருந்து தம் பாய்மரப் படகில் லெரிச்சி நோக்கிப் புறப்பட்டார். புயலில் படகு மூழ்கியது. சில நாட்களுக்குப் பின் வியாரெஜ்ஜோ அருகே உடல் கரை ஒதுங்கியது. சட்டைப் பையில் கீட்சின் கவிதை நூல் இருந்தது. முப்பது வயது நிறையவில்லை. அதன் பிறகு காகிதக் கப்பல்களைச் சிலர் தீய சகுனமாகப் படிக்கத் தொடங்கினர். குளிரில் நின்ற ஹாக்குக்கோ, கூடி ஓடிய பீக்காக்குக்கோ அப்படி ஒரு நிழல் அன்று தெரிந்திருக்க வழியில்லை.

ஷெல்லி தம் கவிதைகள் கரை சேர்வதைக் காணவில்லை. பீட்டர்லூவில் 1819இல் எளிய மக்கள் வெட்டுண்டதைக் கேட்டு அவர் எழுதிய நெடுங்கவிதையை லீ ஹன்ட் 1832இல்தான் வெளியிட்டார். மேரி 1824இல் பதிப்பித்த தொகுதி, ஷெல்லியின் தந்தை வற்புறுத்தியதால் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1813இல் 250 படிகள் மட்டும் தனிப்பட அச்சிட்ட குவீன் மாப் கவிதை, இசைவு பெறாத மலிவுப் பதிப்புகளாகப் பரவித் தொழிலாளர் கைகளில் வலம் வந்தது. நம் சுப்பிரமணிய பாரதியும் ஒரு காலத்தில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் பூண்டார்.

ஒரு தாளை மடிப்பவனைப் பார்த்து நண்பர் முகம் சுளித்தார், இன்னொரு நண்பர் சேர்ந்து மடித்தார், அரசு ஒற்றரை ஏவியது, பிள்ளைகள் எதிர்க்கரைக்கு ஓடினர். கவிதை எழுதுவோராகிய நமக்கும் இந்நால்வகைப் பார்வைகளும் பழகியவையே. பத்து ஆண்டுகள் ஒரு வட்டமாகக் கூடியிருப்பதன் பயன், பீக்காக் போல் ஒருவரேனும் நம்முடன் கரையில் நிற்பார் என்பதுதான்.