கொடுமுடி தந்த குரல்

நம் ஜேடர்பாளையம் அணையைத் தாண்டி ஓடும் காவிரி, சிறிது தொலைவு சென்றதும் எதிர்க்கரையில் உள்ள கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அவ்வூர் தமிழகத்திற்கு ஒரு குரலைத் தந்தது. அதற்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பது அப்பெயரின் விரிவு. பாலாம்பாள் அவர்தம் அன்னை. ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் ஒருசேரத் தாங்கி வாழ்ந்த அப்பெண்மணியின் வரலாறு, பெண்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை வாட்டியது. ரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் தரும் சில்லறைக் காசைப் பெற்றதும் உண்டு என்பர். அந்தக் குரலே அவரை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றது. அந்நாளில் மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாட வேண்டும். அப்படிப் பாடிப் பாடியே அம்மையாரின் குரல் கணீரென்று வளர்ந்தது.

இலங்கையில் நாடகம் நடித்த நாள்களில், செங்கோட்டையைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து மேடை ஏறினார். 1927ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இவர்கள் இணைந்து பாடியதைக் கேட்க மக்கள் திரண்டு வந்தனர். ஆனால் 1933ஆம் ஆண்டு டிசம்பரில், இளம் வயதிலேயே கிட்டப்பா மறைந்தார். அப்போது அம்மையாருக்கு வயது 25.

துயரை வென்ற துணிவு

கணவனை இழந்த பெண் வீட்டின் மூலையில் ஒடுங்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. அம்மையார் வெள்ளாடை உடுத்தார், அணிகலன்களைத் துறந்தார், இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆனால் பாடுவதை மட்டும் விடவில்லை. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் தாங்கினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய். அக்காலத்தில் யாரும் எண்ணிப் பாராத தொகை அது.

தேச விடுதலைக்காகவும் அவர் குரல் ஒலித்தது. காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். 1951ஆம் ஆண்டில் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞர்களுள் சட்டமன்றத்தில் இடம் பெற்ற முதல்வர் இவரே என்பர். 1953இல் ஔவையார், 1964இல் பூம்புகார், 1965இல் திருவிளையாடல் ஆகிய படங்கள் வந்தன. 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார்.

அரக்குத் தட்டில் வாழும் குரல்

கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடித்தவர் அல்லர். அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறதென்றால், அதற்கு அந்நாளைய இசைத்தட்டுகளே காரணம். அம்மையாரின் இளமைக் குரலையும் அத்தட்டுகளே காத்துத் தந்தன. அவை அரக்குக் கலவையால் ஆனவை. கை தவறினால் உடைந்துவிடும். சில வீடுகளின் பரணில் இன்றும் அவை தூசி படிந்து கிடக்கக்கூடும். அவற்றைக் கேட்க விரும்பிப் பழைய கிராமபோன் பெட்டி வாங்க எண்ணும் பெற்றோருக்கும் மாணவியருக்கும் சில குறிப்புகள் கூறுவது பயன் தரும்.

முதலாவது, போனோகிராப் வேறு, கிராமபோன் வேறு. எடிசன் 1877இல் கண்டுபிடித்த போனோகிராப் உருளையில் ஒலியைப் பதித்தது. பெர்லினர் 1887இல் உருவாக்கிய கிராமபோன் தட்டையான தட்டில் பதித்தது. அம்மையாரின் இசைத்தட்டைப் பாட வைக்க கிராமபோனே வேண்டும்.

இரண்டாவது, பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. புதுப் பித்தளைக் குழலையும் புது மரப் பெட்டியையும் சேர்த்து, குழல் முன் அமர்ந்து கேட்கும் நாயின் படத்தை ஒட்டி, நூறாண்டுப் பழமை என்று விற்பவர் பலர். குழல் வெளியே தெரியாத, கைப்பெட்டி போன்று மூடி எடுத்துச் செல்லக்கூடிய கிராமபோன்களில் இத்தகைய போலி குறைவு. புதிதாக வாங்குவோர் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

மூன்றாவது, பாட வைத்துக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. முழுச் சாவி கொடுத்து, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஓட விட வேண்டும். அது ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். நடுவில் வேகம் தளர்ந்தாலும், உள்ளே தடதடவென்று ஓசை எழுந்தாலும் ஸ்பிரிங்கில் பழுது இருக்கலாம். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல வேண்டும். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை வைத்து எண்ணினால், பத்து விநாடியில் அது 13 முறை சுற்றி வர வேண்டும்.

நான்காவது, ஒலி கரகரத்தால் உடனே பெட்டியை ஒதுக்கிவிட வேண்டாம். ஊசி பொருத்தும் சவுண்ட் பாக்ஸில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம், அதை மாற்றிவிடலாம். ஆனால் மோட்டாரின் பற்சக்கரம் உடைந்திருந்தால் மாற்று கிடைப்பது அரிது.

வாங்கிய பின்னரும் கவனம் தேவை. ஒவ்வொரு பக்கத்திற்கும் புது இரும்பு ஊசி போட வேண்டும். பழைய ஊசி தட்டின் வரிகளை அறுத்துவிடும். பிற்காலத்து பிளாஸ்டிக் எல்.பி. தட்டுகளை இதில் வைத்தால் அவை பாழாகும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், உறையிலிட்டு நிமிர்த்தி வைப்பதே முறை.

நிறைவாக

வெள்ளைச் சேலை உடுத்து, அணி எதுவுமின்றி நின்ற ஒரு பெண்ணை நாடு எழுந்து நின்று வணங்கியது. புறத் தோற்றம் அதற்குக் காரணமன்று. இடைவிடாத உழைப்பால் பெற்ற குரலும், துயரத்திலும் தளராத உள்ளமுமே காரணம். மாணவியராகிய நமக்கும் அவையே அணிகலன்கள். வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு ஏதேனும் இருந்தால், பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொடுமுடியின் குரல் அதற்குள் இருக்கலாம்.