மூத்த மகனுக்காக ஹீப்ரு படித்த மௌலானா ஹமீதுத்தீன் ஃபராஹி

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நமது மிம்பர்களில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகம் பேசப்படும். பலியிடப்பட முன்வந்த மகன் இஸ்மாயீல் (அலை) என்று நாம் சொல்கிறோம். பைபிளில் அந்த இடத்தில் ஈசாக்கு, அதாவது இஸ்ஹாக் (அலை) அவர்களின் பெயர் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ நண்பர் இதைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், அவர்கள் வேதத்தை மாற்றிவிட்டார்கள் என்பதுதான். எந்த அதிகாரத்தில், எந்தச் சொல்லில் என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இருக்காது.

இப்படி ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்க மனம் வராத ஓர் அறிஞர் இந்தியாவில் வாழ்ந்தார். அவர்தான் மௌலானா ஹமீதுத்தீன் ஃபராஹி (ரஹ்).

1863ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கர் மாவட்டத்தில் உள்ள ஃபரிஹா கிராமத்தில் அவர் பிறந்தார். ஃபராஹி என்ற பெயர் அந்த ஊரைக் கொண்டே வந்தது. பத்து வயதளவில் குர்ஆனை மனனம் செய்தார். நபி வரலாறு எழுதிப் புகழ்பெற்ற அல்லாமா ஷிப்லி நுஃமானி அவருக்கு உறவினர். அரபு மொழியில் முதல் ஆசான்களில் ஒருவரும் அவரே. பின்னர் லாகூருக்குச் சென்று, அரபு இலக்கியத்தில் அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த ஃபைஸுல் ஹஸன் ஸஹாரன்பூரியிடம் படித்தார்.

மத்ரஸாக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. ஆங்கிலக் கல்வியை உலமாக்கள் பலர் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில் அலிகர் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அரபியிலும் பாரசீகத்திலும் அவருக்கு இருந்த புலமையைக் கண்ட ஸர் ஸையித் அஹ்மத் கான், அவ்விரு பாடங்களிலிருந்தும் அவருக்கு விலக்குப் பெற்றுக் கொடுத்தார். அந்த ஸர் ஸையிதே 1862இல் பைபிளுக்கு ஒரு முஸ்லிமின் பார்வையில் விளக்கவுரை எழுதி, ஹீப்ரு மூலத்தோடு அச்சிட்டவர். அடுத்தவர் வேதத்தை அதன் மூலத்தில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அலிகரின் காற்றில் அப்போதே இருந்தது.

படிப்பு முடிந்த பின் கராச்சியில் உள்ள ஸிந்து மத்ரஸத்துல் இஸ்லாமில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கற்பித்தார். பிறகு அலிகருக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கேதான் அவரது வாழ்வின் அந்த அரிய நிகழ்வு நடந்தது.

1907இல் ஜெர்மனியிலிருந்து யோசப் ஹொரோவிட்ஸ் என்ற அரபுப் பேராசிரியர் அலிகருக்கு வந்தார். அவர் ஒரு யூதர். வயதில் ஃபராஹியை விடப் பதினொரு ஆண்டுகள் இளையவர். ஃபராஹி நாற்பதைக் கடந்தவர், ஹாபிஸ், ஆலிம், தானே ஓர் ஆசிரியர். இருந்தும் அந்த இளைய யூத அறிஞரிடம் மாணவராக அமர்ந்து ஹீப்ரு மொழியை எழுத்திலிருந்து தொடங்கிக் கற்றார். பதிலுக்கு ஹொரோவிட்ஸ் அவரிடம் அரபியில் பாடம் கேட்டார். இதனால் இருவரில் எவரது ஈமானும் மரியாதையும் குறைந்துவிடவில்லை.

அந்தப் படிப்பின் பயன், பலியிடப்பட முன்வந்த மகன் யார் என்பது பற்றி அவர் அரபியில் எழுதிய நூலில் தெரிகிறது. அந்த நூல் குர்ஆனிலிருந்து தொடங்கவில்லை. முதலில் தவ்ராத்தையே சாட்சியாக அழைக்கிறது. அதன்பின் குர்ஆன், இறுதியில் முன்னோர்களின் கருத்துகள் என்று செல்கிறது.

ஆதியாகமத்தின் கணக்கைப் பார்ப்போம். இஸ்மாயீல் பிறந்தபோது இப்ராஹீமுக்கு வயது 86. இஸ்ஹாக் பிறந்தபோது 100. ஆகவே மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையில் 14 ஆண்டுகள். அதே ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில், பலியிடும்படி கட்டளையிடப்பட்ட பிள்ளை இப்ராஹீமின் ஒரே மகன் என்று குறிக்கப்படுகிறது. அங்குள்ள ஹீப்ருச் சொல் யஹீத். அரபியின் வஹீத் என்ற சொல்லோடு உறவுடையது. இஸ்ஹாக் ஒரு நாளும் தன் தந்தைக்கு ஒரே மகனாக இருந்ததில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் இஸ்மாயீல் மட்டுமே அப்படி இருந்தார். அதே சொற்றொடரில் இஸ்ஹாக்கின் பெயரும் வருவதால், அந்தப் பெயர் பின்னால் சேர்க்கப்பட்டது என்று ஃபராஹி முடிவு செய்தார்.

இந்த வாதம் புதியதல்ல. இப்னு தைமிய்யாவும் இப்னு கஸீரும் இதை முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஃபராஹி செய்தது, அதே வாதத்தை ஹீப்ரு மூலத்தின் முன்னால் வைத்துச் சோதித்ததுதான். இறைவனுக்கு அர்ப்பணிக்கப்படுவது தலைப்பிள்ளையே என்ற தவ்ராத்தின் மரபையும் அவர் துணைக்கு அழைத்தார். ஒருவருக்கு இரண்டு மனைவியர் இருந்து, விருப்பம் குறைந்தவளுக்கு மூத்த மகன் பிறந்தாலும் அவனது தலைமகன் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று உபாகமம் 21ஆம் அதிகாரம் சட்டம் வகுக்கிறது. ஹாஜரின் மகன் என்பதால் இஸ்மாயீலைக் கணக்கில் எடுக்காமல் விடுவதை இந்தச் சட்டம் இடம்கொடாது. பைபிளில் வரும் மோரியா என்ற இடம் மக்காவின் மர்வாதான் என்பதும் அவர் கருத்து. இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

யூத அறிஞர்களிடமும் இதற்குப் பதில் உண்டு என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். இருவருமே தத்தம் தாய்க்கு ஒரே மகன் என்பது அவர்களது பழைய விளக்கங்களில் ஒன்று. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்போ அந்த இடத்தில் அன்புக்குரிய மகன் என்றே பொருள் தருகிறது. இப்படி விவாதம் ஒரு சொல்லின் பொருளில் வந்து நிற்கிறது. அந்தச் சொல்லைத் தெரிந்தவர்தான் அந்தச் சபையில் பேச முடியும்.

நம் பக்கத்திலும் ஒரு செய்தி மறக்கப்பட்டுவிட்டது. தஃப்ஸீர் கலையின் பேரறிஞர் இமாம் தபரீ, அந்த மகன் இஸ்ஹாக் என்றே கருதினார். அதற்காக அவரை யாரும் தீனிலிருந்து வெளியேற்றவில்லை. ஃபராஹி அவரது கருத்தை ஏற்கவில்லை. அதைச் சான்று வைத்தே மறுத்தார். அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தில் பலி நிகழ்வு முழுவதும் சொல்லி முடிக்கப்பட்ட பிறகே இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி வருகிறது. ஹூத் அத்தியாயத்தில் இஸ்ஹாக் பற்றிய நற்செய்தியோடு அவருக்குப் பின் யஃகூப் வருவார் என்பதும் சேர்ந்தே அறிவிக்கப்படுகிறது. பேரன் வருவான் என்று முன்பே வாக்களிக்கப்பட்ட மகனைப் பலியிடச் சொல்வது எப்படிச் சோதனையாகும்? குர்ஆனின் வசனங்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டவை, அந்தக் கோர்வையை விட்டுவிட்டுப் பொருள் தேடக் கூடாது என்ற அவரது வாழ்நாள் கொள்கை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

அலிகருக்குப் பின் அலாஹாபாதிலும், பிறகு ஹைதராபாத் தாருல் உலூமின் அதிபராகவும் பணியாற்றினார். 1919இல் அந்த உயர் பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஸராய்மீரில் உள்ள மத்ரஸத்துல் இஸ்லாஹில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1925இல் அவரிடம் வந்து சேர்ந்த அமீன் அஹ்ஸன் இஸ்லாஹி, ஆசானின் வழியில் ததப்புரே குர்ஆன் என்ற ஒன்பது பாகத் தஃப்ஸீரைப் பின்னாளில் எழுதி முடித்தார். ஃபராஹியின் சொந்தத் தஃப்ஸீர் முடிவடையவில்லை. 1930 நவம்பர் 11ஆம் திகதி மதுராவில், சத்திர சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் வபாத்தானார்.

இந்த வாழ்க்கை நமக்கு ஏன் தேவை? பன்வில போன்ற மலையக ஊர்களில் நாம் சிங்களவர்களுக்கும் தோட்டத் தமிழர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அயலவர்களாக வாழ்கிறோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் எரிந்த கடைகளையும் வீடுகளையும் நாம் மறக்கவில்லை. குர்ஆனைத் திறந்தும் பாராதவர்கள் குர்ஆனைப் பற்றிப் பேசிய பேச்சுக்கள் நம்மை எவ்வளவு காயப்படுத்தின! அப்படியானால், அடுத்தவர் வேதத்தைத் திறந்து பாராமல் நாம் பேசும் பேச்சு மட்டும் எப்படி நியாயமாகும்? ஃபராஹி எதிர்வாதம் செய்தவர்தான். ஆனால் வாதத்துக்கு முன் படித்தார். படிப்பதற்கு, எவரோடு வாதிட வேண்டுமோ அவர்களிடமே போனார். நமது மத்ரஸாக்களில் சிங்களமும் பாளியும் படிக்கும் ஒரு சில மாணவர்களாவது உருவாக வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இஸ்மாயீலை உயர்த்த இஸ்ஹாக்கைத் தாழ்த்த வேண்டியதில்லை. இருவரும் நம் நபிமார்கள். முதுமையில் இருவரையும் தந்ததற்காக இப்ராஹீம் (அலை) அல்லாஹ்வைப் புகழ்ந்ததைக் குர்ஆன் சொல்கிறது. யஃகூபின் பிள்ளைகள் தம் மூதாதையரின் வரிசையில் இஸ்மாயீலையும் சேர்த்தே சொன்னார்கள் என்றும் சொல்கிறது. ஆதியாகமம் 25ஆம் அதிகாரமோ, இப்ராஹீம் இறந்தபோது இஸ்ஹாக்கும் இஸ்மாயீலும் சேர்ந்தே அவரை அடக்கம் செய்தார்கள் என்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நானாவும் தம்பியுமாக நின்று வாப்பாவை நல்லடக்கம் செய்தார்கள். அவர்களைப் பிரித்தது பின்னால் வந்தவர்களின் சண்டை.

வரும் ஹஜ்ஜுப் பெருநாளில் அந்தக் கேள்வி மீண்டும் வந்தால், பதில் சொல்வதற்கு முன் அந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரு தடவை படித்துப் பார்ப்போம். கேட்டவரோடு சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

அல்லாஹ் மௌலானா ஃபராஹியின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவரது அறிவுத் தாகத்தில் ஒரு துளியை நம் பிள்ளைகளுக்கும் தருவானாக.