சுடர்மீனும் துணைமீனும்: அறிவியலறிஞர் சந்திரசேகரின் வாழ்வு

தோற்றுவாய்

மார்கழித் திங்களின் முன்னிரவில் எர்ணாவூர்க் கடற்கரையில் நின்று தென்கிழக்கு வானை நோக்குவோர், கடலின்மேல் ஒரு பேரொளி மீன் எழுவதைக் காண்பர். தொழிற்சாலைகளின் விளக்கொளியும் துறைமுகத்தின் விளக்கொளியும் சிறு மீன்களை மறைத்துவிடுகின்றன. இதனை மறைக்க அவற்றால் இயலவில்லை. இரவு வானின் விண்மீன்கள் அனைத்திலும் ஒளிமிக்கதாகிய இதனை மேலையுலகினர் சிரியசு என்பர். வடநூலார் மிருகவியாதன் என்றும் லுப்தகன் என்றும் வழங்குவர். இரண்டும் வேடனைக் குறிக்கும் சொற்களே. 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இவ்விண்மீன், விண்வெளியின் பரப்பை நோக்க நமக்கு அடுத்த தெருவில் இருப்பது போன்றதாகும்.

இம்மீனுக்கு ஒரு துணை உண்டு. துணையோடு கூடிய விண்மீன் தமிழருக்குப் புதிதன்று. மணமகள் அம்மி மிதித்தபின் அருந்ததி காட்டும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. வசிட்ட மீனின் அருகே மங்கலாகத் தோன்றும் சிறுமீனே அருந்ததி. எனினும் கூர்த்த கண்ணுக்கு அருந்ததி புலப்படும். வேடனின் துணையோ வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. அந்தப் புலப்படாத் துணைமீனின் இயல்பை ஆராயப் புகுந்து, விண்மீன்களின் முடிவையே வரையறுத்துக் காட்டிய அறிஞர், சென்னையிலே கற்று வளர்ந்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ஒளியால் மட்டும் ஒன்றன் பெருமையை அளத்தல் பிழை என்பதை அவருடைய ஆய்வும் உணர்த்துகிறது, வாழ்வும் உணர்த்துகிறது.

துணைமீன் கண்ட வரலாறு

விண்மீன்களின் துணைகளைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கும் பங்குண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் புதுச்சேரியில் தங்கியிருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, ஆல்பா சென்டாரி என்னும் அண்டை விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டார்.

வேடனின் துணையோ முதலில் கண்ணால் காணப்படவில்லை, கணக்கால் உணரப்பட்டது. செர்மானிய அறிஞர் பெசல், அம்மீன் வானில் நேராகச் செல்லாமல் அலைபோல் நெளிந்து செல்வதைப் பல்லாண்டுகளின் அளவீடுகளால் அறிந்தார். கண்ணுக்குத் தோன்றாத துணையொன்று அதனை ஈர்க்கிறது என 1844இல் அறிவித்தார். 1862ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் என்பவர் புதிதாகக் கடைந்த தொலைநோக்கிக் கண்ணாடியைச் சோதித்தபோது அத்துணைமீனை நேரிற் கண்டார். அதன் ஒளி வேடனின் ஒளியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகின்றன.

மங்கிய மீனாதலின் அது குளிர்ந்ததாக இருக்கும் என்றே எண்ணினர். ஆயின் 1915இல் வால்ட்டர் ஆடம்சு அதன் நிறமாலையை ஆராய்ந்தபோது, அது வெண்மையான வெம்மைமிக்க மீன் எனத் தெரிந்தது. வெம்மை மிகுந்தும் ஒளி குறைந்திருப்பின் அதன் உருவம் மிகச் சிறிதாதல் வேண்டும். கதிரவனுக்கு நிகரான எடை. புவிக்கு நிகரான உருவம்! அதன் பொருளில் ஒரு கன சென்டிமீட்டர் சராசரியாக இரண்டு டன்னுக்கு மேல் நிறைகொள்ளும். இவ்வகை மீன்களுக்கு வெண்குறுமீன் என்று பெயர். இத்துணை நெருங்கிய பொருளை எது தாங்கி நிற்கிறது? இவ்வினா அறிவுலகை அலைக்கழித்த காலத்திற்றான் சந்திரசேகர் சென்னையில் மாணவராக இருந்தார்.

பிறப்பும் இளமையும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர் அலுவலர். இயற்பியல் மேதை சர் சி. வி. இராமனின் தமையனார். தாயார் சீதாலட்சுமி அம்மையார். மக்கள் பதின்மருள் மூன்றாமவராகவும் ஆண்மக்களுள் மூத்தவராகவும் தோன்றியவர் சந்திரசேகர். 1918இல் குடும்பம் சென்னையில் குடியேறியது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார்.

சீதாலட்சுமி அம்மையாரைப் பற்றித் தனித்துச் சொல்லுதல் தகும். பள்ளிக் கல்வி நிரம்பப் பெறாத நிலையில் மணம்புரிந்து, மனைவாழ்வின் சுமைகளுக்கிடையே ஆங்கிலம் கற்றவர் அவர். இப்சனின் பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தார். தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளக் கதவைத் திறந்து வெளியேறும் பெண்ணொருத்தியின் கதையைத் தமிழாக்கிய அத்தாய், தம் மகனுக்கும் அவன் விரும்பிய வாயிலையே திறந்துவிட்டார். மகன் ஆட்சிப் பணியில் அமரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். உள்ளம் விழையும் அறிவியலையே கற்கட்டும் என்பது தாயின் துணிபு.

1920ஆம் ஆண்டு ஏப்பிரலில் கணிதமேதை இராமானுசன் மறைந்த செய்தியை மகனுக்குச் சொன்னவரும் அவரே. எர்ணாவூருக்குத் தெற்கே, இதே கடற்கரையில் அமைந்த சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912இல் எழுத்தராகப் பணிபுரிந்த ஒருவர், இலண்டன் அரசுக் கழகத்தின் உறுப்பினராக உயர்ந்த செய்தி, பத்து வயதும் நிரம்பாத அச்சிறுவனின் நெஞ்சில் வித்தாக விழுந்தது. பின்னாளில், 1936இல், இராமானுசனின் துணைவியார் சானகி அம்மையாரைக் கண்டு, அவரிடமிருந்த கடவுச்சீட்டு ஒளிப்படத்தைப் பெற்றுப் பேராசிரியர் ஆர்டியிடம் சேர்ப்பித்தவர் சந்திரசேகரே. இன்று உலகம் காணும் இராமானுசனின் முகம் அப்படத்தின் வழி வந்ததாகும்.

கடற்பயணமும் கண்டுபிடிப்பும்

1928இல் செர்மானிய அறிஞர் சொம்மர்பெல்டு மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவரைத் தனியே சென்று கண்ட மாணவர் சந்திரசேகர், தாம் கற்ற அணுக்கொள்கை பழமையாகிவிட்டது என்பதை அறிந்து திகைத்தார். திகைப்பு ஊக்கமாக மாறியது. புதிய குவாண்டம் இயலைத் தாமே கற்று, அடுத்த ஆண்டே இலண்டன் அரசுக் கழக இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் வென்றபோது அவர் பெற்ற பரிசு, விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதிய நூல். அதனை எழுதிய கையே பின்னர்த் தம்மை எதிர்க்கும் என்பதை அன்று அவர் அறியார்.

1930இல் கேம்பிரிட்சு செல்ல இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. தாயாரோ நோய்வாய்ப்பட்டிருந்தார். செல்வதா, நிற்பதா என மகன் தயங்கினார். மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன், உலகுக்கு உரியவன் எனக் கருதிய தாய், செல்லும்படி வற்புறுத்தினார். அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் பம்பாயில் சந்திரசேகர் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

அவர் பயிலச் சென்ற கேம்பிரிட்சுப் பேராசிரியர் பௌலர், வெண்குறுமீனின் புதிருக்கு 1926இல் ஒரு விடை கூறியிருந்தார். எலெக்ட்ரான்கள் ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்ள மறுப்பவை. ஆதலின் மீனின் எரிபொருள் தீர்ந்து வெப்பம் குன்றினாலும், நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம் அதனைத் தாங்கி நிற்கும் என்பது அவ்விடை. கப்பலின் மேற்றளத்தில் அமர்ந்து சந்திரசேகர் இதனை மீண்டும் எண்ணினார். நெருக்கம் மிகமிக எலெக்ட்ரான்களின் விரைவு மிகும். விரைவு ஒளியின் விரைவை நெருங்கினால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி குறுக்கிடும். அவ்விதியைச் சேர்த்துக் கணக்கிட்டபோது வியப்பான முடிவு கிட்டியது. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட மீனை எலெக்ட்ரான் அழுத்தம் தாங்கமாட்டாது. அத்தகைய மீன் வெண்குறுமீனாய் அடங்கி ஓய்தல் இயலாது.

ஆண்டர்சன், ஸ்டோனர் ஆகியோரும் அக்காலத்தே இதனையொத்த எல்லையை எண்ணியிருந்தனர் என்பது உண்மை. எனினும் விண்மீனின் கட்டமைப்பு முழுவதற்கும் இதனைப் பொருத்தி நிறைவான கொள்கையாக்கிய பெருமை சந்திரசேகருக்கே உரியது. 1931இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இவ்வெல்லை கதிரவனின் எடையில் 0.91 மடங்கு எனக் கண்டார்; மீனின் பொருளமைப்பைப் பற்றிய அறிவு தெளிவுற்றபின் அது ஏறத்தாழ 1.4 மடங்கு என நிலைபெற்றது. இதுவே சந்திரசேகர் எல்லை. வேடனின் துணைமீன் கதிரவனைப் போல் 1.02 மடங்கு எடையுடையது. எல்லைக்கு உட்பட்டமையால் அமைதியுற்று நிற்கிறது.

அதே 1931ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் சீதாலட்சுமி அம்மையார் மறைந்தார். தம்மை வழியனுப்பிய தாயின் முகத்தை மகன் மீண்டும் காணவில்லை.

அவையிற் பட்ட இழிவு

1933இல் முனைவர் பட்டமும் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் நிலையும் பெற்ற சந்திரசேகர், 1934ஆம் ஆண்டின் இறுதியில் தம் கணக்கை முழுமையாக்கினார். எடிங்டன் அடிக்கடி வந்து அப்பணியை நோக்கிச் செல்வார். 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் கட்டுரை படித்தார். அடுத்து எழுந்த எடிங்டன், எல்லை மிகுந்த மீன் ஒளியும் வெளியேற முடியாதவாறு சுருங்கிக்கொண்டே போகும் என்னும் முடிவை எடுத்துக்காட்டி, இயற்கை அத்தகைய பொருந்தாச் செயலை அனுமதியாது என நகையாடினார். அவை சிரித்தது. அன்று நகைப்புக்கு உள்ளான அம்முடிவே இன்று பள்ளி மாணவரும் அறிந்த கருந்துளை.

போர், பௌலி முதலிய இயற்பியற் பேரறிஞர்கள் சந்திரசேகரின் கணக்கில் பிழையில்லை என்பதை அறிந்திருந்தும் வெளிப்படையாக உரைக்க முன்வரவில்லை. சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்ட பொருளின் மெய்யை நாடுக என்பது வள்ளுவர் வகுத்த அறிவிலக்கணம். அன்றைய அவை பொருளை நாடவில்லை. ஒருபுறம் புகழின் உச்சியில் இருந்த எடிங்டனையும், மறுபுறம் இருபத்து நான்கு வயது இந்திய இளைஞரையுமே கண்டது. சுடர்மீனின் ஒளியில் துணைமீன் மறைந்தது.

சந்திரசேகர் பூசலிடவில்லை, தம் முடிவைக் கைவிடவுமில்லை. 1939இல் வெளியிட்ட விண்மீன் கட்டமைப்பு நூலில் அதனை முறையாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். இவ்வொதுக்கம் அறிவியலுக்கு இழப்பா என்னும் வினா எழுதல் இயல்பே. எரிந்து முடிந்த பெருமீன்களின் கதியைப் பற்றிய ஆய்வு பல்லாண்டுகள் தளர்ந்தது, அவ்வகையில் இழப்பே. ஆயினும் ஒருவரோடு வாதிட்டு வாழ்நாளைத் தேய்க்காமையால் பல துறைகள் வளம்பெற்றன என்பதும் மறுத்தற்கரியது. எடிங்டன்பால் அவர் பகையும் பாராட்டவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது புகழுரை எழுதினார். 1982இல் அவருடைய நூற்றாண்டு விழாச் சொற்பொழிவுகளையும் கேம்பிரிட்சில் நிகழ்த்தினார்.

இல்வாழ்வும் அறிவுப்பணியும்

1936ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரசேகர் லலிதாவை மணந்தார். லலிதா மாநிலக் கல்லூரியில் அவருடன் பயின்ற இயற்பியல் மாணவி. கைம்பெண்களின் கல்விக்காகத் தம் வாழ்வை ஈந்த சகோதரி சுப்புலட்சுமியின் தமக்கை தங்கையர் வழி வந்தவர். குடும்பத்தார் தேர்ந்த மணமன்று. ஒருவரையொருவர் அறிந்து விழைந்து செய்துகொண்ட மணம். 1937இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்கீசு வானாய்வகத்தில் சந்திரசேகர் பணியேற்றார். நிறத்தைக் காரணம் காட்டி அவர் பாடம் நடத்துவதற்குத் தடை எழுந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் அட்சின்சு அதனைப் புறந்தள்ளினார்.

ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு துறை என்பது சந்திரசேகரின் நெறி. ஒரு துறையைக் கசடறக் கற்று, ஆய்ந்து, நிறைவான நூலொன்றை எழுதி முடித்து அடுத்த துறையைப் புதுமாணவராய்த் தொடங்குவார். விண்மீன் இயக்கவியல், கதிர்வீச்சுப் பரவல், பாய்மங்களின் நிலைப்பாடு எனச் சென்ற அவ்வரிசை, 1983இல் வெளிவந்த கருந்துளைகளின் கணிதக் கொள்கை என்னும் நூலில் தொடங்கிய இடத்துக்கே மீண்டது. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராகவும் தொண்டாற்றினார்.

இதற்கிடையே காலம் தீர்ப்புரைத்தது. 1967இல் துடிமீன்கள் கண்டறியப்பட்டன. அவை வெண்குறுமீனினும் நெருங்கிய நியூட்ரான் விண்மீன்கள் எனத் தெளிவாயிற்று. 1983இல் நோபல் பரிசு சந்திரசேகருக்கும் வில்லியம் பௌலர் என்னும் மற்றோர் அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கப்பலில் தொடங்கிய சிந்தனைக்கும் பரிசுக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் லலிதா அம்மையாரின் பொறுமையையும் துணையையும் தம் வாழ்வின் மையமாகவே போற்றினார். கணவருக்காகத் தம் இயற்பியல் ஆய்வை விட்டுக்கொடுத்த அவ்வம்மையாரின் பெயரில் எல்லையும் இல்லை, கொள்கையும் இல்லை. எனினும் பெசல் கண்டது போலவே, சுடர்மீனின் பாதையை அளந்து பார்ப்போர்க்கு, காணாத துணையின் ஈர்ப்பு அதில் எழுதப்பட்டிருப்பது விளங்கும். தாயும் மனைவியும் அவர் வாழ்வின் துணைமீன்கள்.

நிறைவுரை

சந்திரசேகர் 1995ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21ஆம் நாள் சிகாகோவில் இயற்கை எய்தினார். லலிதா அம்மையார் நூறாண்டு கடந்து வாழ்ந்து 2013இல் மறைந்தார். 1999ஆம் ஆண்டு சூலையில் விண்ணில் ஏவப்பட்ட எக்சு கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிட்டு அமெரிக்கா அவரைப் போற்றியது. அத்தொலைநோக்கி வேடன் விண்மீனை நோக்கியபோது எடுத்த படம் கருதத்தக்கது. எக்சு கதிரில் பேரொளியோடு தோன்றுவது சுடர்மீன் அன்று. 25,000 பாகை வெம்மையுடைய துணைமீனே. சுடர்மீன் அதன் அருகில் சிறு புள்ளியாய் ஒடுங்கி நிற்கிறது.

மார்கழி தோறும் எர்ணாவூர்க் கடல்மேல் அம்மீன் எழுகிறது. அதனைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுவோர், அருகே கண்ணுக்குத் தோன்றாத துணையொன்று இருப்பதையும், அதன் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர் திருவல்லிக்கேணிப் பள்ளியில் படித்த ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.