வேதத்தை வாழ்ந்து காட்டிய தேவசகாயம்

வேதாகமத்தைக் கையில் ஏந்துவது எளிது. அது சொல்லும் வழியில் நடப்பதோ அரிது. அவ்வாறு நடந்து, அதற்கு விலையாகத் தம் உயிரையே தந்தவர் மறைசாட்சி தேவசகாயம். அவர் குருவல்லர், துறவியுமல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார், அரசுப் பணியாளர். நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரைப் படிக்கும் இளைஞர்கள், எம்மதத்தினராயினும், அவர் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். செல்வமும் செல்வாக்கும் உடைய உயர்சாதிக் குடும்பம் அவருடையது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில், பத்மநாபபுரத்தை அடுத்து அவர் அரசுப் பணியாற்றி வந்தார்.

அந்நாளைய திருவிதாங்கூரை நாம் மறத்தலாகாது. உழைக்கும் மக்கள் பொது வழியில் நடக்கவும் இயலாத காலம் அது. மேல்சாதியார் வரக் கண்டால் அவர்கள் விலகி ஓடி ஒளிய வேண்டும். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினர், விற்றனர். அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வாழ்ந்தவர் நீலகண்டன் என்பதை மனத்தில் இருத்துக.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு மலர்ந்தது. அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தைத் துன்பங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. மனம் உடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் விவிலியத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத நல்லவனின் கதை அது. அது நீலகண்டனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. காதால் கேட்ட ஒரு கதையே அவர் வாழ்வைத் திருப்பியது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் இலாசர். அதன் பொருளைத் தழுவியதே தேவசகாயம் என்னும் தமிழ்ப் பெயர். அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

அப்பெயரை எண்ணிப் பார்க்க வேண்டும். இயேசு சொன்ன உவமைகளில் பெயர் சுட்டப்பட்ட ஏழை ஒருவனே. செல்வனின் வாயிலில் புண்களோடு கிடந்த அவன் பெயரும் இலாசர்தான். செல்வனின் வீட்டில் பிறந்தவர், வாயிலில் கிடந்தவனின் பெயரைத் தாங்கினார். பெயரோடு நில்லாமல் அவன் பக்கமே சென்று நின்றார்.

எல்லோரும் ஒரே தந்தையின் மக்கள் என்னும் போதனையை அவர் தம் அன்றாட நடையில் காட்டினார். தாழ்த்தப்பட்டோரெனத் தள்ளி வைக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். சாதி வேற்றுமை இல்லையென எடுத்துரைத்தார். இதனை மேல்சாதியார் பொறுக்கவில்லை. அவர் மீது அரசத் துரோகம் முதலான பழிகளைச் சுமத்தினர். 1749ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் சிறைப்பட்டார்.

பின்வந்த ஏறத்தாழ மூன்றாண்டுகள் கொடுமையின் காலம். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்றனர். நாள்தோறும் அடித்தனர், புண்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தனர். பெருவிளையில் மரத்தில் கட்டி வைத்தனர். ஊரார் நடுவே அவரை இழிவுபடுத்துவதே அவர்களின் எண்ணம். ஆனால் மக்கள் அவரைத் தேடி வந்து ஆறுதல் பெற்றுச் சென்றனர். யோபுவின் கதையைக் கேட்டவர் தாமே ஒரு யோபு ஆனார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது.

வரலாறு இங்கே முடியவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயத்துக்குள் சாதியின் பெயரால் மக்களைப் பிரிக்கும் சுவர் நின்றது. பீடம் ஒன்று, மக்கள் மட்டும் இருவேறு பக்கம். 1910ஆம் ஆண்டில்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினை வேண்டுமென்று நீதிமன்றம் வரை சென்றவர்கள் தோற்றனர். தேவசகாயத்தின் பெயரோடும் நெடுங்காலம் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனை நீக்குமாறு வேண்டுகோள்கள் எழுந்தன. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அப்பட்டம் இல்லாமலே அவர் பெயர் ஒலித்தது. இந்தியப் பொதுநிலையினருள் முதற்புனிதர் அவரே.

இளைஞர்களே! மேல்சாதியில் பிறந்த ஒருவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சமத்துவம் யாரும் இரங்கித் தரும் பிச்சையன்று. அது நம் பிறப்புரிமை. எனினும் பிறர் உரிமைக்காகத் தம் சுகத்தையும் உயிரையும் இழந்தவரைப் போற்றுவது மனிதப் பண்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரைத் தம்மோடு அமர்த்தி உணவு பகிர்ந்த ஏழை மக்களின் பெயர்களை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அதிகாரத்தின் கண் தம்மீதும் விழும் என அறிந்தும் அவர்கள் கதவைத் திறந்தார்கள். அவர்களும் அவ்வரலாற்றின் பங்காளிகளே. அவர்கள் நம் முன்னோர். எழுதுகோல் அவர்களிடம் இல்லாததால் அவர்கள் பெயர் மறைந்தது. இன்று அது உங்கள் கையில் இருக்கிறது. படியுங்கள், எழுதுங்கள். படித்ததை எங்கே, யாரோடு அமர்ந்து வாழ்கிறீர்கள் என்பதையும் நாள்தோறும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.